வாடகை நேரமா, சொந்த சேனலா? – பள்ளத்தூர்க்காரர் பதிவுக்கு மறுப்பு

கல்லுக்கட்டி கேபிள்:
நேத்து ராத்திரி பள்ளத்தூர் பங்கு நம்ம குழுவுல ஒரு நீளமான பதிவு போட்டிருக்கார். "1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டிவி தன் சொந்த சேனலோட வானத்துல ஏறுச்சு, யார்கிட்டயும் கையேந்தல"ன்னு எழுதியிருக்கார். அதுக்குக் கீழ வரிசையா கைதட்டு வேற. படிச்சதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல.

தேதி சரி. மிச்சமெல்லாம் பொய். 1993-ல சன் டிவிக்குச் சொந்த சேனல் கிடையாது. ஏடிஎன், அதாவது ஏசியா டெலிவிஷன் நெட்வொர்க்னு ஒரு வடக்கத்திச் சேனல் இருந்துச்சு. அவங்ககிட்ட தினம் சில மணி நேரத்தை வாடகைக்கு எடுத்து, அந்த நேரத்துல மட்டும் தமிழ் ஓட்டினாங்க. நேரம் முடிஞ்சதும் திரும்ப இந்தி. அதுவும் ரஷ்யாக்காரனோட கோரிஸோன்ட் சாட்டிலைட்டுல. வளர்ச்சிய நான் குறை சொல்லல. வளர்ந்தாங்க, பிரமாதமா வளர்ந்தாங்க. ஆனா ஆரம்பம் வாடகை நேரம். அதை மறைக்காதீங்க.

பள்ளத்தூர் பங்கு:
வந்துட்டாருய்யா. யார் நல்லதா ரெண்டு வரி எழுதினாலும் அண்ணனுக்கு வயிறு எரியும். நான் என்ன சொன்னேன்? தமிழ்ல முதல் தனியார் சாட்டிலைட் சேனல் சன் டிவி. ராஜ் டிவி 1994. இன்னிக்கு விஜய்னு சொல்றமே, அது கோல்டன் ஈகிள்னு ஆரம்பிச்சதும் 1994. ஏன், மலையாளத்துல ஏஷியாநெட் வந்ததே 1993 ஆகஸ்ட் 30. தெற்குலயே முதல் ஆள் சன்தான். இதுல எந்த வரி பொய்? சொல்லுங்க.

கல்லுக்கட்டி கேபிள்:
"சொந்த சேனலோட"ங்கற வரி பொய். ஏடிஎன். வாடகை நேரம்.

பள்ளத்தூர் பங்கு:
அண்ணே, அந்தக் கம்பெனி பதிவானது 1985 டிசம்பர்ல. சுமங்கலி பப்ளிகேஷன்ஸ்னு பேரு. அதே கம்பெனிதான் பிற்பாடு சன் டிவி லிமிடெட் ஆகி, இன்னிக்கு சன் டிவி நெட்வொர்க். 1990-ல பூமாலைன்னு வீடியோ பத்திரிகை விட்டாங்க. மாசாமாசம் கேசட்டா வரும், தமிழ்ல செய்தி. தூர்தர்ஷன் காட்டாததை அதுல பார்த்தோம். அப்படி படிப்படியா வந்தவங்களை, வாடகைக்குக் குடியிருந்தான்னு ஒரே வார்த்தையில முடிக்கிறீங்க.

கல்லுக்கட்டி கேபிள்:
1985-ல பதிவானது பேர்லயே பப்ளிகேஷன்ஸ்னு இருக்கு. அது டிவிக்குப் பிறந்த தேதியா? நல்ல கணக்கு. பூமாலையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்காதீங்க தம்பி. அந்தக் கேசட்டு வந்து இறங்கினா, மறுநாளே திருட்டுக் காப்பி ஓடும். ஒரு கேசட்டை ஒரு கடையில வாங்கி ஊரு பூரா பார்த்தா அவன் எப்படிப் பிழைப்பான்? அந்தத் திருட்டுக் காப்பிதான் அதுக்குக் குழி தோண்டுச்சு. அதுக்கப்புறம்தான் வானத்தைப் பார்த்தாங்க. சரி, பார்த்தாங்க. பார்த்தப்ப அங்க யாரு உக்காந்திருந்தா? ஏடிஎன்.

கானாடுகாத்தான் ஆச்சி:
திருட்டுக் காப்பி யாரு போட்டா, யாரு வயர் இழுத்து வீடு வீடா படம் காட்டினான்னு கல்லுக்கட்டியில கேட்டா தெரியும். நான் ஒண்ணும் சொல்லலப்பா.

கல்லுக்கட்டி கேபிள்:
ஆச்சி, அது வேற விஷயம். ஒரு விசிஆர், தெரு நீளத்துக்கு வயரு, மத்தியானம் ஒரு படம், ராத்திரி ஒரு படம். அப்ப எல்லா ஊர்லயும் அப்படித்தான். கேபிளுக்குச் சட்டமே 1995-லதான் வந்துச்சு. இல்லாத சட்டத்தை நான் எப்படி மீற முடியும்?

இப்ப நான் பார்த்ததைச் சொல்றேன், கேளுங்க. ரஷ்ய சாட்டிலைட்டு வானத்துல ஒரே இடத்துல நிக்காது. வடக்கேயும் தெற்கேயும் மெதுவா ஆடிக்கிட்டே இருக்கும். நம்ம ஊர்லேருந்து கிழக்குத் தென்கிழக்கா பார்த்து டிஷ்ஷை வச்சிருப்போம். பதினாறு அடி வலை டிஷ்ஷு. காலையில பளிச்சுனு இருக்கற படம், சாயங்காலம் தமிழ் வர நேரத்துல புள்ளி புள்ளியா அடிக்கும். பையன் ஒருத்தன் மொட்டை மாடியில ஜாக்கிக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். நான் பதினாலு இஞ்சு டயனோராவை அங்கயே தூக்கிட்டுப் போயி முன்னாடி உக்காந்து, "தூக்கு, இன்னும் கொஞ்சம், நிறுத்து, போச்சுடா, இறக்கு"ன்னு கத்திக்கிட்டு இருப்பேன். கீழ தெருவுல சனம் "என்னண்ணே, படம் ஆடுது"ன்னு கத்தும். கொஞ்சம் பிந்தினாலும் ஏடிஎன்காரனோட இந்திப் பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். மூலையில ஏடிஎன் முத்திரை. அந்த முத்திரையைத் துடைச்சுப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா அது யார் சேனல்னு?

பள்ளத்தூர் பங்கு:
முத்திரையைத் துடைச்சாராம். டிவிக் கண்ணாடியையா அண்ணே?

கல்லுக்கட்டி கேபிள்:
சிரிங்க. உங்க ஊருக்குக் கேபிள் எப்ப வந்துச்சுன்னும் சொல்லிட்டுச் சிரிங்க. கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு வந்தப்ப என் கடை வாசல்ல நின்னு வாயைப் பிளந்து பார்த்தது நீங்களா உங்க அண்ணனா? எனக்கு மறந்துபோச்சு.

பினாங்கு பேரன்:
வணக்கம். தலையிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு சிறு சந்தேகம். இன்றைக்கும் பெரும்பாலான சேனல்கள் சாட்டிலைட்டில் டிரான்ஸ்பாண்டரை, அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியை, வாடகைக்குத்தானே எடுக்கின்றன? சாட்டிலைட்டைச் சொந்தமாக வைத்திருக்கும் சேனல் அபூர்வம். அப்படியானால் எதைச் சொந்த சேனல் என்கிறோம்? உரிமமா, அலைவரிசையா, நிகழ்ச்சியா? அதை முதலில் பேசிவிட்டால் இந்தச் சண்டை தேவைப்படாதே.

கல்லுக்கட்டி கேபிள்:
தம்பி பினாங்குல இருந்துக்கிட்டு பட்டிமன்றம் நடத்துறார். உட்காருங்க ராசா. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. 1993 ஏப்ரல்ல அது ஏடிஎன்ல வாடகை நேரமா, இல்லையா?

பள்ளத்தூர் பங்கு:
பினாங்கு தம்பி, நல்ல கேள்வி, ஆனா கேட்டது தப்பான இடம். அண்ணே, உங்களுக்கு வேற மாதிரி சொல்றேன். 1995 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிருச்சு. வங்காளக் கிரிக்கெட் சங்கத்து வழக்கு. ஒலிபரப்பு அலைங்கறது பொதுச் சொத்து, அரசாங்கமும் தனக்குத்தான்னு சொல்ல முடியாதுன்னு. வானமே யாருக்கும் சொந்தமில்ல. அப்புறம் அதுல என்ன சொந்தம், என்ன வாடகை? தூர்தர்ஷனும் வாடகைக்காரன்தான் போங்க.

கல்லுக்கட்டி கேபிள்:
1993-ஐ கேட்டா 1995-க்கு ஓடுறார். தீர்ப்பு 1995. வாடகை 1993.

பள்ளத்தூர் பங்கு:
வாடகை வாடகைன்னு ஒரே கீறல் விழுந்த ரெக்கார்டு. சரி, வாடகைன்னே வச்சுக்குங்க. அப்ப இந்தியாவுல இருந்து ஒரு தனியார் நேரா மேல சாட்டிலைட்டுக்கு அனுப்ப அனுமதி இருந்துச்சா? இல்ல. தந்திச் சட்டம் 1885-ஐக் காட்டி எல்லாத்தையும் அரசாங்கமே வச்சிருந்தது. விஎஸ்என்எல்னு அரசாங்கத் தொலைத்தொடர்புக் கம்பெனி, அது வழியா மேல அனுப்பலாம்னு வழி விட்டதே 1998-ல. சொந்த நிலையம் வச்சு அனுப்பலாம்னு கொள்கை வந்தது 2000-ல. இதுக்கெல்லாம் முந்தி இந்தியச் சேனல் பலதும் நிகழ்ச்சியை டேப்புல ஏத்தி, விமானத்துல வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கேருந்துதான் மேல விட்டாங்க. அன்னிக்கு மழைன்னு செய்தி வாசிச்சா, அது ஒளிபரப்பாகறப்ப வெயில் அடிக்கும். அந்தக் கஷ்டத்துல தமிழுக்கு ஒரு நேரம் பிடிச்சுக் குடுத்தவனை "வாடகைக்காரன்"கறீங்க. நீங்க சொல்ற வாடகை அன்னிக்கு அவமானமில்ல அண்ணே. அதுதான் திறமை.

கல்லுக்கட்டி கேபிள்:
திறமை இல்லன்னு எவன் சொன்னான்? திறமையா வாடகைக்கு எடுத்தாங்க. இதைத்தான் முதல்லேருந்து சொல்றேன். உங்க பதிவுல "சொந்த"ங்கற எழுத்தை அழிச்சிட்டு "வாடகை"ன்னு போடுங்க, நான் எந்திரிச்சுப் போயிடுறேன்.

பள்ளத்தூர் பங்கு:
அழிக்க மாட்டேன்.

கல்லுக்கட்டி கேபிள்:
அப்ப நானும் போக மாட்டேன்.

ரஸ்தா ராசா:
ரெண்டு பேரும் சென்னைக்காரன் கம்பெனிக்கு அடிச்சுக்கிறீங்க. நம்ம மண்ணுல நடந்ததை ஒருத்தர் சொன்னீங்களா? சன் டிவி வர்றதுக்குக் கிட்டத்தட்ட அம்பது வருசத்துக்கு முன்னாடியே காரைக்குடியில ஸ்டுடியோ ஓடுச்சு. மெய்யப்பச் செட்டியார் 1945-ல ஏவிஎம்மை ஆரம்பிச்சது இங்கதான், ரயிலடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவுல. யுத்த நேரம், சென்னையில கட்ட வழியில்ல. நாடகக் கொட்டகை இருந்த இடத்தைப் பிடிச்சு, கீத்துக் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். 1948-ல கோடம்பாக்கம் போயிட்டார். இல்லேன்னா இன்னிக்குக் கோடம்பாக்கம்னு ஒரு பேரே யாருக்கும் தெரியாது, ரஸ்தான்னுதான் சொல்லியிருப்பாங்க. பின்னாடி அதே ஏவிஎம் சீரியலும் எடுத்துச்சு. ஆகமொத்தம் தமிழ் டிவிக்குத் தாய் வீடு எது? ரஸ்தா.

தேவகோட்டையான்:
"காரைக்குடியில"ன்னு சொல்லிட்டு அடுத்த வரியில "தேவகோட்டை ரஸ்தாவுல"ன்னா எப்படி? பேர்லயே எங்க ஊர் இருக்குல்ல. தேவகோட்டைன்னு சொல்ல வாய் வலிக்குதா?

ரஸ்தா ராசா:
ரஸ்தாவுக்கும் தேவகோட்டைக்கும் என்னய்யா சம்பந்தம்? உங்க ஊருக்குள்ள ரயிலே கிடையாது. ரயிலடியிலேருந்து உங்க ஊருக்குப் பாதை போச்சு, அதனால தேவகோட்டை ரோடுன்னு, அதான் ரஸ்தான்னு, எழுதி வச்சான் வெள்ளைக்காரன். பாதை போனா ஊரு உங்களுதாயிடுமா?

தேவகோட்டையான்:
பேர் எங்களுது. போர்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியும்ல?

கல்லுக்கட்டி கேபிள்:
ரஸ்தா ராசா நல்ல பாயிண்டு குடுத்தார். நாடகக் கொட்டகை இருந்த இடத்தைப் பிடிச்சார்னு சொன்னாரே, எப்படிப் பிடிச்சார்? வாடகைக்கு. மெய்யப்பச் செட்டியாரே வாடகை இடத்துலதான் ஆரம்பிச்சார். அதை மறைச்சாரா? இல்ல. அவங்க வீட்டுக்காரங்களே கௌரவமாச் சொல்லிக்குவாங்க. பள்ளத்தூர்க்காரருக்கு மட்டும் வாடகைன்னா வாந்தி வருது.

பள்ளத்தூர் பங்கு:
நீங்க சொல்றதே எனக்குச் சாதகம். வாடகை இடத்துல எடுத்தாலும் படம் ஏவிஎம் படம்தானே? கொட்டகைக்காரன் படம்னு யாராவது சொன்னாங்களா? அப்படித்தான் ஏடிஎன்ல ஓடினாலும் சன் டிவி சன் டிவிதான்.

கல்லுக்கட்டி கேபிள்:
படம் ஏவிஎம் படம். கொட்டகை வாடகை. நிகழ்ச்சி சன். நேரம் ஏடிஎன். நீங்க எழுதினது "சொந்த சேனல்". சொந்த நிகழ்ச்சின்னு எழுதியிருந்தா நான் ஏன் வரப்போறேன்?

பினாங்கு பேரன்:
இதைத்தான் நானும் கேட்டேன், சேனல் என்றால் எது என்று.

கல்லுக்கட்டி கேபிள்:
தம்பி, உட்காருங்கன்னு சொன்னேன்ல.

கானாடுகாத்தான் ஆச்சி:
வாடகைன்னு பேசறதால சொல்றேன். எங்க வளவை, அதான் எங்க பெரிய வீட்டை, ஒரு சீரியலுக்கு வாடகைக்கு விட்டோம். எந்தக் கம்பெனி, எந்தச் சேனல்னு சொல்ல மாட்டேன், வம்பு வேண்டாம். முகப்புல மட்டும்தான் எடுப்போம்னாங்க. மறுநாள் பார்த்தா இரண்டாம் கட்டுல அடுப்பு மூட்டி டீ போட்டுக்கிட்டிருக்காங்க. பட்டாசாலை தேக்குத் தூண்ல ஆணி. சுவத்துல டேப்பு ஒட்டி, பிச்சு எடுக்கறப்ப சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து வந்துருச்சு. அந்தப் பூச்சு முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைச்சு, கண்ணாடி மாதிரி தேய்ச்சது. இன்னிக்கு அதைப் பூச ஆள் எங்க இருக்கான்? தரையில போட்டிருக்கற ஆத்தங்குடிக் கல்லுல லைட்டு ஸ்டாண்டை இழுத்து நீளமா ஒரு கீறல். சீரியல்ல அதே முகப்பைக் காட்டி, "இந்த வீட்டு மானம் போயிருச்சே"ன்னு ஒரு பொம்பளை அழுவுது. எனக்கும் அழுகை வந்துச்சு, கல்லைப் பார்த்து.

புதுவயல் டிஷ் குமார்:
ஆச்சி, கீறல் விழுந்த கல்லு ஆத்தங்குடியா, இல்ல முகப்புல இருக்கற ஜப்பான் கல்லா? ஆத்தங்குடிக் கல்லு அவ்வளவு சுலபமா கீறல் விழாதே.

கானாடுகாத்தான் ஆச்சி:
ஜப்பான் கல்லு சுவத்துல இருக்கு. தரையில எவன் ஜப்பான் கல்லு போட்டான்? டிஷ்ஷு மாட்டறவருக்குக் கல்லு தெரியுமாக்கும்.

புதுவயல் டிஷ் குமார்:
எங்க மாமா ஆத்தங்குடியில கல்லு போடறவர் ஆச்சி. கண்ணாடி மேல அச்சு வச்சு, கலர் ஊத்தி, சிமெண்டு போட்டு, தண்ணியில ஊறவச்சு எடுப்பாங்க. நெருப்புல சுடறதே இல்ல. நடக்க நடக்க மெருகு ஏறும். கீறல் விழாதுன்னு சொன்னதுக்கு இவ்வளவா?

கானாடுகாத்தான் ஆச்சி:
எண்ணெய் விட்டுத் துடைச்சா மெருகு ஏறும். இரும்பை இழுத்தா கீறும். மாமாகிட்டக் கேட்டுட்டு வாங்க.

கல்லுக்கட்டி கேபிள்:
ஆச்சி சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு, யாரும் கவனிக்கல. சீரியல் கம்பெனிகள் சன்கிட்ட எப்படி நேரம் வாங்கினாங்க? தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம்னு பணம் கட்டி நேரத்தை வாங்குவார். அந்த நேரத்துல வர்ற விளம்பரத்தை அவரே வித்துக்குவார். சீரியல் ஓடினாலும் ஓடலேன்னாலும் சேனலுக்குப் பணம் முன்னாடியே வந்துரும். அதாவது ஏடிஎன்ல வாடகைக்கு இருந்தவங்க, பிற்பாடு தன் வீட்டையே போர்ஷன் போர்ஷனா வாடகைக்கு விட்டாங்க. அதுதான் மூளை! சன் டிவி வளர்ந்த கதையை எழுதணும்னா இதை எழுதணும். பள்ளத்தூர்க்காரர் பதிவுல இது ஒரு வரி இருக்கா? புத்தாண்டு, சூரியன், தமிழன்னு பூ தூவியிருக்கார்.

பள்ளத்தூர் பங்கு:
அதை இரண்டாம் பாகத்துல வச்சிருந்தேன். நீங்க குறுக்க வந்து கெடுத்துட்டீங்க. இரண்டாம் பாகத்துல என்னென்ன வரும்னு கேட்டுக்குங்க: 1994-ல கன்னடத்துக்கு உதயா, 1995-ல தெலுங்குக்கு ஜெமினி, 1998-ல மலையாளத்துக்கு சூர்யா, 2000-ல சன் நியூஸ், 2001-ல கேடிவி. நாலு மொழி! வடக்கத்திக்காரன் தெற்கை ஒரே "மதராஸி"ன்னு நினைச்சுக்கிட்டிருந்தப்ப நாலு வீட்டுக்கும் தனித்தனி அடுப்பு மூட்டினவன் ஒரு தமிழன். 2006 ஏப்ரல்ல பங்கு வெளியீடு, ஒரு பங்கு 875 ரூபாய், 600 கோடிக்கு மேல திரட்டினாங்க. ஒரு பிராந்திய மொழிச் சேனலுக்கு அந்த விலையான்னு பம்பாயே திரும்பிப் பார்த்துச்சு. வாடகைக்காரனுக்கு எவனாவது 875 ரூபாய் குடுப்பானா?

கல்லுக்கட்டி கேபிள்:
2006-ல குடுத்தான். அப்ப சொந்தம். 1993-ல வாடகை. ரெண்டையும் ஏன் கலக்கறீங்க? ஆமா, அந்த 875 ரூபாய்ப் பங்கு உங்களுக்கு அலாட் ஆச்சா தம்பி? பேரே "பங்கு"ன்னு வச்சிருக்கீங்க.

பள்ளத்தூர் பங்கு:
அது என் சொந்த விஷயம்.

கல்லுக்கட்டி கேபிள்:
சொந்தம்ங்கற வார்த்தை உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

கானாடுகாத்தான் ஆச்சி:
அலாட் ஆகல போல.

ரஸ்தா ராசா:
ஆகலேன்னா என்ன, அவங்க பெரியப்பா வீட்டுல கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே. ஓ, அங்கதான் பேச்சுவார்த்தை இல்லையே.

பள்ளத்தூர் பங்கு:
பங்காளிச் சண்டையை எல்லாம் இங்க இழுக்காதீங்க. நிர்வாகி எங்க?

புதுவயல் டிஷ் குமார்:
ரெண்டு அண்ணனுக்கும் ஒரு தகவல். 2010 ஜூலையில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? இன்சாட் 4பி சாட்டிலைட்டுல சோலார் தகடு பக்கம் மின்சாரக் கோளாறு. பாதி டிரான்ஸ்பாண்டர் படுத்துருச்சு. வீட்டு டிஷ்ஷுக்கு நேரா சேனல் அனுப்பற சன் டைரக்ட் அதுலதான் இருந்துச்சு. அப்புறம் மீசாட் 3-க்கு மாறினாங்க. 93.5 டிகிரியிலேருந்து 91.5-க்கு. கேக்க ரெண்டு டிகிரிதான். ஊர் ஊரா ஓட்டு மேல ஏறினவனுக்குத் தெரியும். நம்ம ஊர்ல நின்னு பார்த்தா, டிஷ்ஷை இம்மித் தெற்கே திருப்பி, இம்மி மேல தூக்கணும். அதிகமாத் தூக்கினா ஒண்ணும் வராது. சீமை ஓடு காலை வச்சா நொறுங்கும், சாக்கை மடிச்சுப் போட்டு அது மேல முட்டி போட்டுப் போவேன். கீழேருந்து ஐயா ஒருத்தர் "ஓடு ஒண்ணு உடைஞ்சா உன் கூலியில பிடிப்பேன்"னு கம்பை வச்சுக்கிட்டு நிப்பார். வீட்டுக்குள்ளேருந்து "சீரியல் போச்சு, சீரியல் போச்சு"ன்னு ஆயா சத்தம்.

கல்லுக்கட்டி கேபிள்:
குமார் தம்பி, நீங்க என் கட்சி. மீசாட் யாரு சாட்டிலைட்டு? மலேசியாக்காரனுது. 1993-ல ரஷ்யாக்காரன், 2010-ல மலேசியாக்காரன். எல்லாம் வாடகை.

பினாங்கு பேரன்:
மீசாட் எங்கள் நாட்டுச் சாட்டிலைட் என்பதில் எனக்குப் பெருமைதான். சன் டைரக்டே எங்கள் ஊர் டிவி நிறுவனமான ஆஸ்ட்ரோவோடு கூட்டாக ஆரம்பித்ததுதானே. ஐயா இருந்தவரை ஆஸ்ட்ரோவில் சன் டிவி வைத்து, ஊர்த் திருவிழா எதையாவது காட்டமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஆக, உங்கள் வாடகைக் கணக்கில் நாங்கள்தான் வீட்டுக்காரர்கள்.

பள்ளத்தூர் பங்கு:
இதோ இன்னொருத்தர் வீட்டுக்காரர் ஆயிட்டார். தம்பி, உங்க ஐயா கொண்டுவிற்க, அதான் வியாபாரத்துக்கு, போன ஊர்ல நீங்களே வாடகைதான்.

பினாங்கு பேரன்:
இது அநாகரிகம். மூன்று தலைமுறையாக இங்கே குடிமக்கள் நாங்கள்.

பள்ளத்தூர் பங்கு:
சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். அங்க எல்லாரும் ரொம்ப சீரியஸ்.

கானாடுகாத்தான் ஆச்சி:
தம்பி வருத்தப்படாதப்பா. அவரு பெரியப்பா வீட்டையே அப்படித்தான் பேசினார்.

தேவகோட்டையான்:
சாட்டிலைட்டு, சாட்டிலைட்டுன்னு பேசறீங்க. அதுக்கு முந்தியே எங்க ஊர்ல டிவி பார்த்தோம். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல வந்துச்சு, ஆனா அது இங்க எங்க தெரிஞ்சது? எங்களுக்குத் தெரிஞ்சது ரூபவாஹினி. 1982-ல இலங்கையில ஆரம்பிச்சாங்க. மாடியில உயரமா ஆண்டெனா கட்டி, கடலைப் பார்த்துத் திருப்பினா கொழும்பு வரும். தமிழ் நிகழ்ச்சியும் வரும். ஆக, நம்ம பகுதிக்கு முதல் தமிழ் டிவி ரூபவாஹினி. முதல்ல பார்த்தது தேவகோட்டை.

ரஸ்தா ராசா:
கடலுக்கு நீங்க கிட்ட, அதனால தெரிஞ்சது. அதுல உங்க திறமை என்ன? காத்து அடிச்சா படம் போயிரும்.

தேவகோட்டையான்:
காத்து அடிச்சாலும் எங்க மாடியில வந்துச்சு. உங்க ரஸ்தாவுல வந்துச்சா?

கல்லுக்கட்டி கேபிள்:
ரூபவாஹினி அரசாங்க டிவி. தூர்தர்ஷனும் அரசாங்க டிவி. ரெண்டும் சொந்தமா கோபுரம் வச்சு அனுப்பினவங்க. வாடகைக்கு நேரம் எடுக்கல. பேச்சு சன் டிவி, 1993, ஏடிஎன்.

பள்ளத்தூர் பங்கு:
உங்களுக்கு ஏன் சன் மேல இவ்வளவு காட்டம்னு எனக்குத் தெரியும் அண்ணே. உங்க கேபிள் தொழில் படுத்த கோபம். அதை வெளிய சொல்ல முடியாம 1993-ஐப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கீங்க.

கல்லுக்கட்டி கேபிள்:
ஆமா, கோபம்தான். மறைக்கல. தெருத் தெருவா வயர் இழுத்து, கம்பத்துல ஏறி, மழையில ஆம்ப்ளிஃபயர் மாத்தி, வீடு வீடா மாசக் காசு கேட்டு நாயாய் அலைஞ்சவன் நான். என்னை மாதிரி கேபிள்காரங்களுக்குச் சிக்னல் குடுக்கற பெரிய கண்ட்ரோல் ரூம்காரன் ஒருத்தன் வந்தான், பேர் சொல்லல. "எங்க சிக்னலை எடு, இல்லேன்னா உன் தெருவுல நான் வயர் இழுப்பேன்"னான். எடுத்தேன். அப்புறம் வாங்கற காசுல பாதி அவனுக்கு. டிவியில முன்னால வர்ற இடம், பிரைம் பேண்டும்பாங்க, அதுல எந்தச் சேனலை வைக்கணும், எதைப் பின்னால தள்ளணும்னும் அவன் சொல்லுவான். பழைய டிவியில பன்னெண்டு பட்டன்தான். முன்னால இருக்கற சேனல்தான் பிழைக்கும், பின்னால தள்ளினது செத்துச்சு. இது உங்க பதிவுல வராது. 2011-ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்னு வந்தப்ப என்னைப் போல ஆளுங்க அங்க ஓடினதும் வராது.

ஆனா இதுக்கும் ஏடிஎன்னுக்கும் சம்பந்தமில்ல. நான் நாளைக்கே கோடீஸ்வரன் ஆனாலும் 1993-ல வாடகை வாடகைதான்.

ரஸ்தா ராசா:
அரசு கேபிள்னதும் ஞாபகம் வருது. 2007-ல அதை ஏன் ஆரம்பிச்சாங்க, அதே வருசம் கலைஞர் டிவி ஏன் வந்துச்சு, 2006-ல இலவச கலர் டிவி குடுத்ததுல யாருக்கு லாபம், இதை எல்லாம் யாராவது...

நிர்வாகி:
அரசியல் வேண்டாம் என்று குழு விதியிலேயே இருக்கிறது. இலவச டிவி பேச்சு இத்துடன் நிற்கட்டும். குடும்ப விஷயங்களும் வேண்டாம். தலைப்பு சன் டிவியின் வரலாறு. அதை மட்டும் பேசவும்.

தேவகோட்டையான்:
நிர்வாகி காரைக்குடிக்காரர், அதனால ரஸ்தாவைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டார்.

நிர்வாகி:
நான் கோட்டையூர்.

தேவகோட்டையான்:
அதேதான்.

பள்ளத்தூர் பங்கு:
நிர்வாகி அவர்களே, என் பதிவுல ஒரு தப்பும் இல்லேன்னு சொல்லி இதை முடிச்சு வைங்க.

நிர்வாகி:
ஏடிஎன் பற்றிக் கேபிள் அண்ணன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறதே.

பள்ளத்தூர் பங்கு:
ஓ, நீங்களும் அந்தப் பக்கமா. உங்க வீட்டுக்கு அந்தக் காலத்துல கேபிள் குடுத்தது யாருன்னு இப்பப் புரியுது. காசில்லாமயா?

கல்லுக்கட்டி கேபிள்:
கோட்டையூருக்கு நான் வயர் இழுக்கல. அது வேற ஆளு. எல்லாத்துலயும் தப்புத் தகவல்.

கானாடுகாத்தான் ஆச்சி:
குமார் தம்பி, மாமாகிட்டக் கேட்டியா?

புதுவயல் டிஷ் குமார்:
கேட்டேன் ஆச்சி. இரும்பை இழுத்தா எந்தக் கல்லும் கீறும்னார். ஆனா நல்ல ஆத்தங்குடிக் கல்லுன்னா கீறல் மேலாப்பலதான் இருக்குமாம். உங்களுது ஆழமா இருக்குன்னா கல்லையே சந்தேகப்படணும்னார்.

கானாடுகாத்தான் ஆச்சி:
உங்க மாமாவை வந்து பார்க்கச் சொல்லுங்க. எங்க அப்பத்தா காலத்துக் கல்லு அது. சந்தேகப்படறாராம்.

பள்ளத்தூர் பங்கு:
நாளைக் காலையில இரண்டாம் பாகம் போடறேன். தலைப்பு "சொந்தக் காலில் நின்ற சூரியன்". பிடிக்காதவங்க படிக்க வேண்டாம்.

கல்லுக்கட்டி கேபிள்:
போடுங்க. கீழ முதல் ஆளா நான் நிப்பேன். ஏடிஎன்.

தேவகோட்டையான்:
இரண்டாம் பாகத்துல ரூபவாஹினியையும் சேருங்க. தேவகோட்டைன்னு பேரோட.

ரஸ்தா ராசா:
சேர்த்தா ஏவிஎம்மும் வரணும். காரைக்குடி ரஸ்தான்னு பேரோட.

தேவகோட்டையான்:
காரைக்குடி ரஸ்தாவா? அப்படி ஒரு ஊரே கிடையாதுய்யா. போய் ஸ்டேஷன் போர்டைப் பாரு.